கிணற்றடியில் இரண்டு பானை

தோட்டத்துக்குப் பின்னால் ஓடும் பரிட்டு வாய்க்காலில், மேல்பக்கத்துப் படியில் துணி அலசிவிட்டு வீராயி திரும்பி வந்தபோது, கிணற்றடிக் கல்லின்மேல் ஒரே ஒரு பானைதான் இருந்தது. போகும்போது இரண்டு இருந்தன. தோளில் போட்ட ஈரத்துணி முதுகில் சொட்டச் சொட்ட அப்படியே நின்றுவிட்டாள்.

இரண்டும் ஒரே கடையில் வாங்கிய மண்பானை. ஒரே அளவு, ஒரே கறுப்பு. இரண்டின் வாயிலும் கிழிந்த வேட்டித்துண்டு கட்டியிருந்தது. துண்டை விலக்கினால் இரண்டிலும் வேப்பிலைதான் மிதக்கும். ஆனால் ஒன்றில் இருந்தது அம்மை இறங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் தலைக்கு ஊற்ற வேண்டிய தண்ணீர். மற்றதில் இருந்தது பயித்தங்கொடியில் புழு கொல்லத் தெளிக்க வேண்டிய துபாத் தண்ணீர்.

இதைப் போய் யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்களா என்று கேட்டால், அதைச் சன்னாசியிடம்தான் கேட்க வேண்டும்.

சன்னாசி வீராயியின் புருஷன். யார் எதைச் சொன்னாலும் 'சரி' என்று சொல்லிவிடுகிற மனுஷன். சௌராஸ்தா பாசாரில் காய் வாங்க வருகிறவர்கள் கத்தரிக்காய் முற்றல் என்றால் சரி என்பான். பிஞ்சு என்றாலும் சரி என்பான். இதனால் பினாங்கில் அவனுக்கு எதிரி என்று ஒருவன் கிடையாது. வீட்டுக்குள்தான் தொல்லை. அங்கே அவனுக்குச் சட்டம் சொல்கிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தி பெண்டாட்டி வீராயி. இன்னொருத்தி, விதவையாகித் தம்பியோடு வந்து தங்கிவிட்ட அக்கா அங்கம்மா. அவள் கிழக்கே போ என்றால் இவள் மேற்கே போ என்பாள். சன்னாசி இரண்டுக்கும் சரி என்பான். பிறகு என்ன செய்வான் என்பது கடவுளுக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

தண்ணீர்மலைக்குப் போகிற பாதையில், டிராம் மணி காதில் விழுந்தும் விழாத தூரத்தில் அவர்களுடைய காய்கறித் தோட்டம். அந்த முறை பயித்தங்கொடி பூவும் பிஞ்சுமாக இறங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து இரண்டு விருந்தாளிகள் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். கொடியில் பச்சைப்புழு. வீட்டில் ஆத்தா.

ஒரே பெண் பூரணிக்கு உடம்பெல்லாம் முத்துமுத்தாகக் கிளம்பிவிட்டது. ஆஸ்பத்திரி என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அம்மை என்று வெளியே தெரிந்தால் சுகாதாரக்காரர்கள் வண்டி கொண்டுவந்து பிள்ளையைத் தூக்கிப் போய்விடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம். அங்கம்மா வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, வீட்டு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டாள். தாளிக்கக் கூடாது. வறுக்கக் கூடாது. மீன், கவிச்சி வாசல் தாண்டக் கூடாது. பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஆத்தா என்றுதான் சொல்ல வேண்டும். உரக்கப் பேசக் கூடாது. சாவு, விஷம் என்ற மாதிரிச் சொற்கள் வீட்டைச் சுற்றி எந்தக் காதிலும் விழக் கூடாது.

இந்தச் சட்டங்களில்தான் புழுவுக்கு ராஜயோகம் அடித்தது. புழுவுக்கு வீராயி வழக்கமாகச் செய்கிற மருந்து வேறு. ஊசிமிளகாயும் பூண்டும் இடித்து ஊறவைப்பாள். புகையிலைக் காம்பைக் கொதிக்கவைத்து அந்தச் சாற்றை அதோடு கலப்பாள். இலையில் ஒட்டிக்கொள்ளத் துணிசோப்பில் கொஞ்சம் சீவிப் போடுவாள். அது கொதிக்கும்போது அடுத்த கம்போங்குக் குடிசைகளிலிருந்து தும்மல் கேட்கும். விளக்குமாற்றை அதில் முக்கி இலைமேல் உதறினால், மறுநாள் புழு இருந்த இடம் தெரியாது.

"மொளகா நெடி ஆத்தா மூக்குல ஏறுச்சுன்னா அப்புறம் எறங்க மாட்டா" என்று அங்கம்மா ஒரே வார்த்தையில் அந்த அடுப்பை அணைத்துவிட்டாள்.

நெடி இல்லாத மருந்து ஒன்று இருக்கிறது என்று வீராயிக்குத் தெரியும். மேட்டுப் பக்கத்துச் சீனத் தோட்டத்தில் அதைத்தான் தெளிப்பார்கள். துபா என்று ஒரு காட்டுக்கொடியின் வேர். இடித்துத் தண்ணீரில் பிசைந்தால் பால்போல் வெள்ளையாக இறங்கும். மலாய்க்காரர்கள் அதை ஆற்றில் கரைத்து மீன் பிடிப்பார்கள். மீனெல்லாம் மயங்கி மல்லாந்து மிதக்கும். போன விளைச்சலில் வீராயியும் ஒரு தடவை தெளித்துப் பார்த்திருக்கிறாள். தெளித்த சற்று நேரத்துக்கெல்லாம் புழுக்கள் தலை தொங்கிக் கிடந்தன. இந்தத் தடவை அதிலேயே இரண்டு பிடி வேப்பிலையும் போட்டு ஊறவைத்தால் இன்னும் நன்றாகக் கேட்கும் என்று அவளாகவே ஒரு யோசனை செய்தாள். அந்த ஊரில் வேப்பமரம் தேடிப் பிடிக்க வேண்டிய சரக்கு. பிள்ளைக்காகச் சன்னாசி டவுனிலிருந்து கொண்டுவந்த கட்டு வீட்டில் இருந்தது.

"ஆத்தா எலையக் கொண்டுபோயிப் புழுவுக்குப் போடுவாளாம்ல!" என்று அங்கம்மா தம்பியிடம் பாய்ந்தாள். "இந்த மாதிரி நேரத்துல ஒரு எறும்பக்கூட நசுக்கக் கூடாதுடா. பானை நெறையா கரைச்சு வச்சு, வாயில்லாத சீவன வதைக்கவா போற?"

"புழு என்ன ஆத்தா பெத்த புள்ளையா?" என்றாள் வீராயி. "கொடிய மொட்டையடிச்சுட்டுப் போச்சுன்னா, புள்ள எந்திரிச்சு ஒக்காந்தப்புறம் அதுக்கு என்னத்தக் காச்சி ஊத்துறது? நீ கரைச்சு வையி."

சன்னாசி அக்கா முகத்தைப் பார்த்து, "சரிக்கா" என்றான். பெண்டாட்டி முகத்தைப் பார்த்து, "சரி, வேர இடிக்கிறேன்" என்றான்.

அன்று மாலையே வீராயி வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள். சாதாரண நாளிலேயே மூன்று நாள் ஒதுங்கி உட்காருவது வழக்கம். அம்மை வீட்டிலோ, தூரமானவளின் நிழல்கூட உள்ளே விழக் கூடாது. மறுநாள் பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள். அத்தனை நாளும் ராத்திரி பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறியவள், அந்த நாள் பார்த்து மண்வெட்டியும் கூடையும் போட்டுவைக்கிற கொட்டகைக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு போனாள். போகும்போது அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆத்திரம் யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

கொட்டகையிலிருந்தே சன்னாசியைக் கூப்பிட்டு இரண்டு தடவை சொன்னாள். "புள்ளைக்கு ஊத்துற பானைய வாசப் பக்கம் வையி. துபாப் பானைய இந்தாண்ட, கொட்டாய்ப் பக்கம் கொண்டாந்து வையி. ரெண்டும் மாறிடப் போவுது."

"சரி" என்றான் சன்னாசி.

விடிந்து பார்த்தால் அவன் பாசாருக்குப் போயிருந்தான். இரண்டு பானையும் கிணற்றடிக் கல்லின்மேல் ஜோடியாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. வீராயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுப் பக்கம் இருப்பது பிள்ளைக்கு, கொட்டகைப் பக்கம் இருப்பது புழுவுக்கு என்று தனக்குத்தானே தீர்மானித்துக்கொண்டாள். உச்சி வெயிலில்தான் தண்ணீர் ஊற்றுவேன் என்று அங்கம்மா சொல்லியிருந்ததால், துணி அலசிவிட்டு வந்து பானையைத் தள்ளிவைக்கலாம் என்று பரிட்டுக்குப் போனாள். அதற்குள்தான் இப்படி ஆகியிருந்தது.

இருக்கிற ஒற்றைப் பானையாவது ஏதாவது ஒரு பக்கமாக இருக்கக் கூடாதா? கல்லின் நட்ட நடுவில் இருந்தது.

"அண்ணி!" என்று வீட்டைப் பார்த்து, உரக்கவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் கூப்பிட்டாள்.

அங்கம்மா வாசலுக்கு வந்தாள். கையெல்லாம் மஞ்சள். முகத்தில் ஒரு பெரிய காரியத்தை முடித்துவிட்ட நிறைவு.

"தண்ணி ஊத்தியாச்சா?"

"ஊத்தியாச்சு. மலைப் பக்கம் மழ இருட்டிக்கிட்டு வந்துச்சு. வெயில் இருக்குறப்பவே முடிச்சுட்டேன். ஆத்தா மனசு குளுந்துட்டா. தூங்குறா."

"எந்தப் பானையில எடுத்தீங்க?"

"கெணத்தடியில இருந்ததுல."

"ரெண்டும் கெணத்தடியிலதானே இருந்துச்சு!"

"பக்கத்துல இருந்ததுல எடுத்தேன்."

"எதுக்குப் பக்கத்துல?"

"ஏண்டி, எனக்குப் பக்கத்துல!"

"நீங்க எந்தப் பக்கம் நின்னீங்க?"

அங்கம்மா யோசித்தாள். "மொதல்ல வாசப் பக்கமாத்தான் வந்தேன். அப்புறம் கெணத்த ஒரு சுத்துச் சுத்திக் கும்புட்டேன். கையக் கழுவுனேன். அப்புறம் எடுத்தேன். மத்தத நடுவுல தள்ளி வச்சேன், ஆடு கீடு முட்டிடாம."

சுற்றியவள் எங்கே வந்து நின்றாள் என்று வீராயி மனசுக்குள் கிணற்றைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு தடவை சுற்றினால் வாசல் பக்கம் வந்தது. இன்னொரு தடவை சுற்றினால் கொட்டகைப் பக்கம் வந்தது. தலைதான் சுற்றியது.

"தண்ணி எப்படி இருந்துச்சு அண்ணி? வெள்ளையா… பால் மாதிரி…"

"எங் கண்ணுக்கு எல்லாமே பால் மாதிரிதான் தெரியுது. மேலெல்லாம் மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பூசி, அதுமேல ஊத்துனேன். மஞ்சளாத்தான் ஓடுச்சு." அங்கம்மாவின் கண்ணில் படலம் விழுந்து வெகுகாலம் ஆகிறது. "எதுக்கு இத்தன கேள்வி? நல்ல காரியம் முடிஞ்சிருக்கு. தூரமா இருக்குறவ தள்ளி ஒக்காரு."

அந்தச் சொல் வீராயியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விஷம். அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடும். ஆனால் ஆத்தா இருக்கிற வீட்டைப் பார்த்து, தீட்டோடு நின்றுகொண்டு, அதைச் சொல்லி, அதுவே பலித்துவிட்டால்? எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள். அங்கம்மா உள்ளே போய்விட்டாள்.

வீராயி கல்லுக்குப் போய்ப் பானையின் துண்டை அவிழ்த்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. வேப்பிலைக்கு நடுவில் பானையின் அடிகூடத் தெரிந்தது. துபா என்றால் வெள்ளையாக இருக்க வேண்டுமே. ராத்திரி முழுக்க அசையாமல் இருந்ததால் வெள்ளை அடியில் தங்கியிருக்கும் என்று கையை விட்டுக் கலக்கினாள். இலைதான் சுழன்றது. வெள்ளை வரவில்லை.

போதாக்குறைக்கு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். கசந்தது. இரண்டிலும் வேப்பிலை, கசக்காமல் என்ன செய்யும்? துபா பட்டால் நாக்கு மரத்துப்போகும் என்பார்கள். மரத்ததா? மரத்த மாதிரியும் இருந்தது, பயத்தில் வறண்ட மாதிரியும் இருந்தது. தன் நாக்கையே நம்ப முடியாத ஒரு நிலைமை மனுஷிக்கு வருமென்று அவள் நினைத்ததே இல்லை.

இனி ஒரே ஒரு சாட்சிதான் பாக்கி. புழு.

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, பானையை இடுப்பில் ஏற்றிப் பயித்தம் பந்தலுக்குள் போனாள். தூரமானவள் தொட்டால் செடி வாடிவிடும் என்று அங்கம்மா சொல்வாள். செடி வாடினால் வாடட்டும். கூடவே புழுவும் வாடினால் போதும். விளக்குமாற்றை முக்கி, இலைக்கு அடியிலும் மேலிலும் உதறு உதறென்று உதறினாள். அத்தனை ஆவேசமாக அந்தத் தோட்டத்தில் யாரும் மருந்து தெளித்ததில்லை. பிறகு ஒரு கொடியின் கீழே குந்தி, கட்டைவிரல் தடிமனில் கொழுத்துக் கிடந்த ஒரு புழுவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது செத்தால், இங்கே இருப்பது துபா; பிள்ளைக்குப் போனது நல்ல தண்ணீர். இது சாகாவிட்டால்…

"செத்துரு" என்று மெதுவாகச் சொன்னாள். வீட்டுக்குக் கேட்காத தூரம்தான். "எஞ் சாமி, செத்துரு. ஒனக்குக் கோடிப் புண்ணியம்."

தண்ணீர் பட்ட புழு ஒரு நெளி நெளிந்தது. வீராயிக்கு மூச்சு வந்தது. புழு தலையைத் தூக்கி அப்படியும் இப்படியும் ஆட்டியது. பிறகு, குளித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த மாதிரி, இலையின் ஓரத்தைப் பிடித்துத் தின்ன ஆரம்பித்தது. பக்கத்து இலையிலும் தின்றது. அதற்கடுத்த இலையிலும் தின்றது. மழைமேகம் வந்து நிழல் கட்டி, காற்றோடு கலைந்து, மறுபடியும் வெயில் வந்தது. பந்தல் முழுக்கப் புழுக்கள் குறைவில்லாமல் தின்றுகொண்டிருந்தன.

ஒருவேளை வெயில் போதவில்லையோ, வேர் பழசோ, சன்னாசி சரியாக இடிக்கவில்லையோ என்று வீராயி புழுவுக்காக ஆயிரம் சமாதானம் தேடினாள். சன்னாசி எதைத்தான் சரியாகச் செய்தான்! அவன் அரைகுறையாக இடித்திருந்தால் இந்தப் பானையும் கெடுதல் இல்லை, அந்தப் பானையும் கெடுதல் இல்லை. முதல்முறையாகப் புருஷனின் சோம்பேறித்தனத்தை நம்பி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சித்தி ஹாஜராவின் குரல் கேட்டது.

"வீராயி! புள்ளே, இங்க வந்து பாரேன்!"

சித்தி ஹாஜரா என்பதே அவள் முழுப் பேர்; பரிட்டின் கீழ்ப்பக்கத்தில் குடியிருக்கிறவள். அவள் புருஷன் ஷேக் அலாவுதீன் துறைமுகத்துப் பக்கம் தோளில் கந்தர் என்கிற காவடிக்கம்பில் சோறு சுமந்து விற்கிறவர். நல்ல மனுஷி. அம்மை வீடு என்று தெரிந்ததிலிருந்து, கவிச்சி ஆகாது என்று தன் வீட்டு மீன்சட்டியைக்கூட இந்தப் பக்கம் கழுவுவதில்லை. இப்போதும் வேலிக்கு அப்பாலேயே நின்று, கையிலிருந்த கூடையைச் சாய்த்துக் காட்டினாள். கூடை நிறைய மீன். கெளுத்தியும் விராலும் வாயைத் திறந்தபடி கிடந்தன.

"வலையும் போடல, தூண்டியும் போடல லா. பரிட்டு நெடுக மல்லாந்து மெதக்குது. அல்லா குடுக்குறப்போ கூரைய பிச்சுக்கிட்டுத்தான் குடுக்குறான்."

"எங்க… எங்கக்கா மெதக்குது?"

"ஒங்க வூட்டுத் தண்ணி வந்து விழுவுது பாரு, அந்த மூலையிலேருந்து எங்க பாலம் வரைக்கும்."

வீட்டுப் பின்புறத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற கல். அங்கிருந்து ஓடுகிற தண்ணீர் சாக்கடை வழியாக அந்த மூலையில்தான் பரிட்டில் விழும்.

இங்கே புழு சாகவில்லை. அங்கே மீன் செத்துவிட்டது. பிள்ளையின் தலையில் ஊற்றிய தண்ணீர் ஓடிப்போய்ப் பரிட்டில் இருந்த மீனைக் கொன்றிருக்கிறது. உடைந்த கொப்புளமும் புண்ணுமாக இருக்கிற உடம்பு. கண்ணில் போயிருக்கும். வாயில் போயிருக்கும். தூங்குகிறாள் என்றாளே அங்கம்மா. எப்படிப்பட்ட தூக்கம்?

நான்தானே கேட்டேன் என்று நினைத்தாள். கொடி போனால் போகிறது என்று விட்டிருக்கலாம். பிள்ளை படுத்திருக்கிற வீட்டில், அதன் வேப்பிலையையே எடுத்துப் போட்டு, கரைத்து வை என்று நான்தானே சொன்னேன்.

இடுப்பிலிருந்த பானை கீழே விழுந்து உடைந்தது. அந்தச் சத்தத்துக்கு அங்கம்மா வாசலுக்கு வருவதற்குள் வீராயி வாசலைத் தாண்டிவிட்டாள்.

"அடியே! அடியே, தீட்டோட உள்ள வராதடி! ஆத்தா!"

உள்ளே, விரித்த வேட்டியில், சுற்றிலும் வேப்பிலைக்கு நடுவே பூரணி மல்லாந்து கிடந்தாள். நெற்றியைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. அத்தனை நாளும் அரிப்பில் புரண்டு புரண்டு அழுத பிள்ளை, அசையாமல் கிடந்தாள். வீராயி தோளைப் பிடித்து உலுக்கினாள். கண் திறக்கவில்லை. கன்னத்தில் தட்டினாள். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

பரிட்டில் மல்லாந்து கிடக்கிற மீன்தான் அவள் கண்ணில் நின்றது. பிள்ளையை வாரி எடுத்துக் கிணற்றடிக்கு ஓடினாள். "பூரணி! பூரணி!" என்று ஊரே கேட்கப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். வாளி வாளியாக இறைத்துத் தலையில் கொட்டினாள். தலைக்கு ஊற்றிய தண்ணீர் தானாகக் காய வேண்டும், துடைக்கக் கூடாது என்பது சட்டம். அவள் முந்தானையால் மஞ்சளையும் வேப்பிலையையும் வழித்து வழித்துத் துடைத்தாள். விரலை விட்டு வாயைக் கழுவினாள். அங்கம்மா வாயில் அடித்துக்கொண்டு, "கெட்டுச்சே, குடி கெட்டுச்சே" என்று சுற்றிச் சுற்றி வந்தாள். நல்ல தூக்கத்திலிருந்து இழுத்துவரப்பட்ட பிள்ளை, மூன்றாவது வாளியில் கண்ணைத் திறந்து, தாயின் விரலை நறுக்கென்று கடித்துவிட்டு, வீரிட்டு அழுதது.

அந்த அழுகையைக் கேட்ட பிறகும் வீராயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. துபா குடித்த பிள்ளை இப்படியா அழும்? இத்தனை பலமாகவா கடிக்கும்?

காலிக் கூடைகளோடு சன்னாசி உள்ளே வந்தது அந்த நேரத்தில்தான். கிணற்றடியில் நனைந்த பெண்டாட்டி, நனைந்த பிள்ளை, தலைவிரி கோலமாக அக்கா, வேலி ஓரம் மீன்கூடையோடு சித்தி ஹாஜரா. ஒரு பார்வை பார்த்தான். கூடையைக் கீழே வைத்தான்.

"துபா!" என்று வீராயி அலறினாள். "பானைய மாத்தி ஊத்திட்டாங்கய்யா! பரிட்டுல மீனெல்லாம் செத்து மெதக்குது! புள்ளைக்கு…"

"துபாத் தண்ணிய புள்ளைக்கு யாரு ஊத்துனா?" என்றான் சன்னாசி.

"அண்ணி!"

"எப்படி ஊத்தும்? அதுதான் இல்லையே."

"இல்லைன்னா?"

சன்னாசி அக்காவைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். சரி என்று சொல்லித் தப்பிக்க வழி இருக்கிறதா என்று பார்த்த மாதிரி இருந்தது. வழி இல்லை.

"காலையில பொறப்படுறதுக்கு முன்னாடியே கொட்டிட்டேன்" என்றான்.

"எங்க கொட்டுன?"

"பரிட்டுல. சாக்கடை மூலையில."

"எதுக்குய்யா கொட்டுன?"

"அக்கா சொல்லுச்சுல்ல, எறும்பக்கூட நசுக்கக் கூடாதுன்னு. நான் சரின்னுட்டேன்."

"எங்கிட்டயும் சரின்னியே!"

"ஒங்கிட்டயும் சரின்னேன். அதனாலதான் மொதல்ல கரைச்சேன். அப்புறமா கொட்டுனேன்." அவன் குரல் இறங்கியது. "பானை காலியா இருந்தா நீ கேப்பேன்னு, மணல் போட்டுத் தேச்சுக் கழுவி, கெணத்துத் தண்ணி ஊத்தி, மிச்ச வேப்பிலையப் போட்டு வச்சேன். ரெண்டும் ஒரே தண்ணிதான். அதான் ரெண்டையும் ஒண்ணாவே வச்சேன்."

வேலி ஓரத்திலிருந்து சித்தி ஹாஜரா, "அதானே பாத்தேன்" என்றாள். "விடியக்கால சுபுஹு தொழுதுட்டு வெளிய வந்தப்பவே நாலஞ்சு மெதந்துச்சு."

"காலையிலேருந்தே மெதக்குதா? அத மொதல்ல சொல்ல மாட்டியாக்கா?"

"நீ எங்கன்னுதான கேட்டே, புள்ளே. எப்பன்னு கேக்கவே இல்லையே லா."

எறும்பை நசுக்கக் கூடாது என்றவளின் பேச்சைக் கேட்டு, புழுவுக்கு இரக்கப்பட்டு, ஒரு பரிட்டு மீனையே அள்ளிக் கொன்றுவிட்டு நிற்கிற தம்பியை அங்கம்மா படலம் விழுந்த கண்ணால் உற்று உற்றுப் பார்த்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

வீராயி பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு கிணற்றடியிலேயே உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதாள். அழுது முடிந்ததும் தான் இருக்கிற இடம் ஞாபகம் வந்தது. தீட்டோடு வீட்டுக்குள் போய், ஆத்தாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஊற்றிய தண்ணீரைத் துடைத்து, வாயைக் கழுவி, செய்யக்கூடாததில் ஒன்று பாக்கியில்லை. பிள்ளையை அங்கம்மாவிடம் நீட்டினாள்.

"புடிங்க அண்ணி. நான் கொட்டாய்க்குப் போறேன்."

பூரணி தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. தாடை நடுங்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பசிக்குது" என்றாள்.

அம்மை கண்ட நாளிலிருந்து அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. கஞ்சியை வாயருகே கொண்டுபோனாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவள். அங்கம்மா நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். வாசலைப் பார்த்தாள், வேப்பிலையைப் பார்த்தாள். கடைசியில் யாரையும் பார்க்காமல், "தொட்டா வாடிரும்னு சொல்லுவாங்க. எங்க வாடுச்சு?" என்றாள். "ஆத்தாளே வேணும்னு கட்டிப் புடிச்சுக்கிட்டு இருக்கா. நான் யாரு பிரிக்க? அப்படியே ஒக்காரு. கஞ்சி கொண்டாறேன்."

கஞ்சி வந்தது. வீராயி ஊட்ட ஊட்ட, பிள்ளை கிண்ணத்தையே பிடுங்கிக் குடித்தது. சின்னத் தொண்டையில் கஞ்சி மடக் மடக்கென்று இறங்குகிற சத்தம் கேட்டது. பந்தலில் புழுக்கள் தின்றுகொண்டிருந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு, பயித்தங்கொடி முழுவதையும் அவற்றுக்கே எழுதிக்கொடுத்துவிடலாம் என்று வீராயிக்கு இருந்தது. ஆனாலும் அவள் வீராயி.

"நாளைக்கு விடிஞ்சதும் பந்தல்ல எறங்கி ஒவ்வொரு புழுவா கையால பொறுக்கு" என்றாள் புருஷனிடம்.

"பொறுக்கி வேலிக்கு அந்தாண்ட உசுரோட விடு. ஒண்ணையும் நசுக்கக் கூடாது" என்றாள் அங்கம்மா.

சன்னாசி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "சரி" என்றான்.

இரண்டு பெண்களும் முதல்முறையாக ஒன்றாகத் திரும்பி, அவன் முகத்தை நம்பாமல் பார்த்தார்கள்.